ஆற்றைத் திருப்பிவிட்ட சிகாகோ

கேள்வி இதுதான்: "அமெரிக்காவின் பெரிய நகரங்கள் என்றால் நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் என்று கடலோர ஊர்கள்தான் நினைவுக்கு வருகின்றன. கடலுக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சிகாகோ எப்படி மூன்றாவது பெரிய நகரமானது? மகள் அங்கே மேற்படிப்புக்குப் போகிறாள். குளிர், துப்பாக்கிச் சூடு, இந்த இரண்டைத் தவிர அந்த ஊரைப் பற்றி எங்கள் காதில் வேறெதுவும் விழவில்லை."

ஒரே சொல்லில் பதில் கேட்டால் தண்ணீர் என்பேன். இருபது வருடமாக இந்த ஊரில் குடியிருக்கிறேன். இதன் பணம், பசி, கட்டடம், கலவரம், எதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தாலும் கடைசியில் ஓர் ஏரியிலோ ஆற்றிலோ கால்வாயிலோ போய் நிற்கிறேன். அதனால் அந்த வழியாகவே சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் இடத்தைப் பார்க்கலாம். ஊரின் கிழக்கு எல்லை முழுக்க மிச்சிகன் ஏரி. 58,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. கரையில் நின்றால் மறுகரை தெரியாது. அலை உண்டு, மணல் உண்டு, உப்பு மட்டும் கிடையாது. இந்த ஏரித் தண்ணீர் மற்றப் பேரேரிகளைக் கடந்து கடைசியில் அட்லாண்டிக்குக்குப் போகிறது. ஊருக்கு மேற்கே பத்துப் பன்னிரண்டு மைலில் டெஸ் பிளெய்ன்ஸ் என்று ஓர் ஆறு. அந்தத் தண்ணீர் தெற்கே ஓடி, இல்லினாய் ஆற்றில் சேர்ந்து, மிசிசிப்பியில் விழுந்து மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகிறது. ஒன்று கிழக்குக் கடலுக்கு, இன்னொன்று தெற்குக் கடலுக்கு. இரண்டுக்கும் நடுவே மலை ஒன்றும் இல்லை. ஏரி மட்டத்திலிருந்து இரண்டு ஆள் உயரம் தேறும் ஒரு மேடு, அவ்வளவுதான். காரில் போனால் கவனிக்கக்கூட மாட்டீர்கள். மழை பெய்து இடையிலிருந்த சதுப்பு நிரம்பினால் படகைத் தூக்காமலே கடந்துவிடலாம். வறண்ட காலத்தில் சில மைல் தோளில் சுமந்து நடக்க வேண்டும்.

போட்டாவடோமி, மயாமி போன்ற பூர்வகுடி மக்கள் இந்தத் தடத்தைக் காலம் காலமாகப் பயன்படுத்தினார்கள். 1673இல் மார்க்கெட், ஜோலியே என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்களுக்கு இதைக் காட்டிக் கொடுத்ததும் அவர்கள்தான். இங்கே ஒரு சின்னக் கால்வாய் வெட்டினால் ஏரியையும் மிசிசிப்பியையும் சேர்த்துவிடலாம் என்று ஜோலியே அப்போதே சொன்னார். அது நடக்க இன்னும் 175 வருடம் ஆனது. ஊரின் பெயரும் அந்த மக்களின் சொல்தான். ஊருக்கு நடுவே ஓடி ஏரியில் விழுந்த சிகாகோ ஆற்றின் கரையில் மண்டிக் கிடந்த காட்டு வெங்காயப் பூண்டுக்கு அவர்கள் மொழியில் 'ஷிகாக்வா' என்று பெயர். பிரெஞ்சுக்காரர் வாயில் அது சிகாகோ ஆனது.

வெளியிலிருந்து வந்து இங்கே நிலையாகக் குடியேறிய முதல் ஆள் ஜான் பாப்டிஸ்ட் பாயின்ட் டு சாப்ல் என்ற கறுப்பின வணிகர். மனைவி கிட்டிஹாவா போட்டாவடோமிப் பெண். 1780களில் ஆற்றின் முகத்துவாரத்தில் வீடு, தொழுவம், மாவு மில் என்று வசதியாக இருந்தார்கள். ஏரியை ஒட்டி ஓடும் முக்கியச் சாலைக்கு 2021இல்தான் அவர் பெயரைச் சேர்த்தார்கள். 1833இல் போடப்பட்ட ஓர் ஒப்பந்தத்தில் போட்டாவடோமி மக்கள் தங்கள் நிலத்தை விட்டு மிசிசிப்பிக்கு மேற்கே போக நேர்ந்தது. நகரம் அதற்குப் பிறகு 1837இல் பதிவானது. பழைய டியர்பார்ன் கோட்டை இருந்த இடத்தில், மிச்சிகன் அவென்யூ பாலத்தின் தென்கரையில், கோட்டைச் சுவர் எங்கே ஓடியது என்று நடைபாதையில் பித்தளைத் தகடு பதித்திருக்கிறார்கள். மகள் அந்த வழியாகப் போனால் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது வளர்ச்சிக்கு வருவோம். 1825இல் நியூயார்க் மாநிலத்தில் ஈரி கால்வாய் திறந்ததும் பேரேரிகளிலிருந்து நியூயார்க் துறைமுகம் வரை படகு போக வழி பிறந்தது. மிச்சம் இருந்தது சிகாகோ மேடு. 1836இல் வெட்ட ஆரம்பித்து, பணமில்லாமல் நடுவே நிறுத்தி, பெரும்பாலும் ஐரிஷ் கூலித் தொழிலாளர் உழைப்பில் 1848இல் 96 மைல் கால்வாயை முடித்தார்கள். அதே வருடம் தந்தி வந்தது, ஊரின் முதல் ரயில் ஓடியது, சிகாகோ வணிக வாரியம் தொடங்கியது. எல்லாம் ஒரே வருடத்தில். 1840இல் மக்கள்தொகை 4,470. 1860இல் 1,12,172. 1890இல் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஐம்பதே வருடத்தில் ஒரு சின்ன ஊர் பத்து லட்சம் பேர் வாழும் நகரமானது.

கால்வாய் போட்ட பாதையில் ரயில் புகுந்து அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. கிழக்கிலிருந்து வரும் தண்டவாளமும் மேற்கிலிருந்து வரும் தண்டவாளமும் இங்கே வந்து முடிந்தன. நாட்டின் சரக்கு ரயில் போக்குவரத்தில் ஏறக்குறைய கால் பங்கு இன்றைக்கும் இந்த வட்டாரத்தைத் தொட்டுத்தான் போகிறது.

இந்த ஊர் உலகத்துக்குக் கொடுத்த பெரிய விஷயம் எது என்று கேட்டால் பலரும் வானளாவிய கட்டடங்களைக் காட்டுவார்கள். நான் கோதுமையைக் காட்டுவேன். முன்பெல்லாம் விவசாயி கோதுமையை மூட்டையில் கட்டி அனுப்புவார். மூட்டையில் அவர் பெயர் இருக்கும். நியூயார்க்கில் விற்கும் வரை அது அவருடைய கோதுமை. சிகாகோவில் என்ன செய்தார்கள் என்றால், மூட்டையை அவிழ்த்து, தரம் பார்த்து, ஒரே தரத்துக் கோதுமையை எல்லாம் ஆற்றங்கரையில் நின்ற பிரம்மாண்டமான குதிர்களில் ஒன்றாகக் கொட்டிவிட்டார்கள். நீராவி இயந்திரம் அள்ளி மேலே ஏற்றும். கீழே மடையைத் திறந்தால் நேராகக் கப்பலில் விழும். விவசாயி கையில் ஒரு ரசீது: இன்ன தரம், இத்தனை புஷல். அவர் கொண்டுவந்த அதே மணி அவருக்குத் திரும்பக் கிடைக்காது, அதே தரத்தில் அதே அளவு கிடைக்கும்.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அந்த ரசீது கைமாற ஆரம்பித்தது. கோதுமை குதிருக்குள்ளிருந்து நகராமலே பத்துப் பேரிடம் விற்கப்பட்டது. அடுத்து, இன்னும் அறுவடை ஆகாத கோதுமையை மூன்று மாதம் கழித்து இன்ன விலைக்குத் தருகிறேன் என்று இன்றே எழுதிக் கொடுத்தார்கள். 1865இல் வணிக வாரியம் அதற்கு விதிமுறை வகுத்தது. இன்று நம் ஊர் நாளிதழ்களின் வணிகப் பக்கத்தில் முன்பேர வர்த்தகம் என்று வருகிறதே, அதன் நவீன வடிவம் உருப்பெற்றது அந்தக் குதிர்களின் நிழலில்தான். லசால் தெருவின் தெற்குக் கோடியில் இருக்கும் வணிக வாரியக் கட்டடத்தின் உச்சியில் தானிய தேவதை சீரிஸின் சிலை நிற்கிறது.

தானியத்துக்குச் செய்ததை மாட்டுக்கும் பன்றிக்கும் செய்தார்கள். 1865 கிறிஸ்துமஸ் அன்று திறந்த யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் என்ற கால்நடைச் சந்தையும் அதைச் சுற்றி எழுந்த இறைச்சித் தொழிற்சாலைகளும் 1971 வரை ஓடின. உடல்கள் தலைக்கு மேலே கம்பியில் நகர்ந்து வர, ஒவ்வொரு தொழிலாளியும் ஒரே ஒரு வெட்டு. ஃபோர்டு கார் தொழிற்சாலையின் நகரும் வரிசைக்கு இதுவும் ஒரு முன்மாதிரி. கழிவு முழுக்க ஆற்றின் தெற்குக் கிளையில் விழுந்தது. மட்கும் கழிவிலிருந்து வாயு கிளம்பிக் குமிழி விட்டதால் அந்த ஓடைக்கு 'பப்ளி கிரீக்' என்றே பெயர். சந்தை மூடி ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, வெயில் நாளில் பாலத்தில் நின்று பார்த்தால் இன்னமும் குமிழி வருகிறது. நானே பார்த்திருக்கிறேன்.

சரி, இவ்வளவு பேர் வந்து குவிந்த இடம் எப்படிப்பட்டது? சதுப்பு நிலம். ஏரி மட்டத்துக்குச் சில அடிதான் மேலே. சாக்கடை எந்தப் பக்கமும் ஓடாது, மழை பெய்தால் தெருவில் முழங்கால் சேறு. 1854 காலராவில் 1,400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எல்லிஸ் செஸ்பரோ என்ற பொறியாளரை அழைத்து வந்தார்கள். பூமியைத் தோண்டிக் குழாய் பதிக்க வழியில்லை, தோண்டினால் தண்ணீர் ஊறும். குழாயைத் தெருவின் மேலேயே போட்டு அதன்மேல் மண்ணைக் கொட்டித் தெருவையே உயர்த்திவிடலாம் என்றார் அவர். தெரு உயர்ந்தால் வீடுகள் பள்ளத்தில் போய்விடுமே? வீடுகளையும் தூக்கினார்கள். அடியில் திருகு ஜாக்கிகளை வைத்து, ஒரே விசில் சத்தத்துக்கு எல்லோரும் சேர்ந்து கால் சுற்றுச் சுற்றுவார்கள். 1860இல் லேக் தெருவில் 320 அடி நீளத்துக்குத் தொடர்ச்சியாக நின்ற செங்கல் கட்டடங்களை 600 பேர் 6,000 ஜாக்கிகளை வைத்து நாலைந்து நாளில் நாலே முக்கால் அடி உயர்த்தினார்கள். உள்ளே கடைகளில் வியாபாரம் நடந்துகொண்டே இருந்தது.

காசு இருந்தவர்கள் தூக்கினார்கள், இல்லாதவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். இதை இன்றும் கண்ணால் பார்க்கலாம். பில்சன் என்ற பகுதிக்குப் போங்கள். செக் நாட்டவர் குடியேறிப் பெயர் வைத்த இடம், இப்போது மெக்சிகோக்காரர்களின் பேட்டை. அங்கே பக்கத்துத் தெருக்களில் நடந்தால் நடைபாதைக்கும் வீட்டுக்கும் நடுவே ஆள் ஆழத்துக்கு ஒரு பள்ளம் இருக்கும். பள்ளத்தின் அடியில்தான் வீட்டின் பழைய வாசல். நடைபாதையிலிருந்து சின்னப் பாலம் மாதிரி நாலு படி நேராக மாடிக்குப் போகும். கீழே பழைய முற்றத்தில் ஒரு சைக்கிள், துளசிச் செடி மாதிரி ஏதோ தொட்டியில், காயப்போட்ட துணி. தெருவை உயர்த்துவதற்கு முந்தைய தரைமட்டம் அது. நான் முதன்முதலில் பார்த்தபோது நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

1871 அக்டோபர் தீ விபத்து எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. மரத்தால் கட்டிய ஊர், மழையில்லாத கோடை, பலத்த காற்று. மூன்று நாளில் சுமார் 300 உயிர், 17,000 கட்டடம், ஒரு லட்சம் பேர் தெருவில். ஓலியரி என்ற ஐரிஷ் பெண்ணின் மாடு விளக்கை உதைத்ததால் தீப்பிடித்தது என்று ஊரே பழி போட்டது. அந்தப் பாவத்தை அவர் சாகும் வரை சுமந்தார். 1997இல்தான் நகர மன்றம் அவர்மேல் குற்றமில்லை என்று தீர்மானம் போட்டது. தீயிலிருந்து தப்பிய சில கட்டடங்களில் ஒன்று மிச்சிகன் அவென்யூவில் நிற்கும் மஞ்சள் சுண்ணக்கல் வாட்டர் டவர்.

எரிந்த இடத்தில்தான் புதுவகைக் கட்டடம் எழுந்தது. 1885இல் வில்லியம் லெபரான் ஜென்னி கட்டிய பத்து மாடிக் காப்பீட்டு நிறுவனக் கட்டடத்தில் எடையைச் சுவர் மட்டும் தாங்கவில்லை, உள்ளே இருந்த இரும்புச் சட்டகமும் தாங்கியது. அதற்கு ஏறக்குறைய தொண்ணூறு வருடம் கழித்து உயரத்தில் உச்சத்தைத் தொட்டவர் டாக்காவில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். 1973இல் முடிந்த சியர்ஸ் டவருக்கு, இப்போது வில்லிஸ் டவர், 442 மீட்டர் உயரம். ஒன்பது சதுரக் குழாய்களை மூங்கில் கட்டு மாதிரி சேர்த்துக் கட்டியது அது. ஒவ்வொரு உயரத்தில் சில குழாய்கள் நின்றுவிடும், உச்சி வரை போவது இரண்டுதான். ஏரிக்காற்றைத் தாங்கும் பலம் அந்தக் கட்டிலிருந்து வருகிறது. 1998 வரை உலகின் மிக உயரமான கட்டடம் அதுவே.

இனி ஆறு. எனக்கு இந்த ஊரின் கதையில் முக்கியமான அத்தியாயம் இது. செஸ்பரோ சாக்கடை போட்டார், சாக்கடை ஆற்றில் விழுந்தது, ஆறு ஏரியில் விழுந்தது, குடிதண்ணீர் ஏரியிலிருந்து வந்தது. புரிகிறதா சிக்கல்? ஏரிக்குள் இரண்டு மைல் தூரம் சுரங்கம் போட்டு 1867இல் அங்கிருந்து தண்ணீர் எடுத்துப் பார்த்தார்கள். பெருமழை வந்தால் அழுக்கு அதுவரைக்கும் போனது. 1885 பெருமழைக்குப் பிறகு 90,000 பேர் இறந்தார்கள் என்று பல இடங்களில் எழுதியிருக்கும், நம்பாதீர்கள். அப்படி ஒரு கொள்ளைநோய் அந்த வருடம் வரவில்லை. உண்மையான எண்ணிக்கையே போதுமான அளவு பயங்கரமானது. 1891இல் டைஃபாய்டில் மட்டும் ஏறக்குறைய 2,000 பேர் செத்தார்கள்.

அந்தப் பழைய மேட்டை ஆழமாக வெட்டிவிட்டால் என்ன? ஆறு ஏரியை நோக்கி ஓடாமல், ஏரித் தண்ணீர் ஆற்றுக்குள் நுழைந்து மேற்கே திரும்பி டெஸ் பிளெய்ன்ஸுக்கு ஓடும், அழுக்கும் கூடவே போய்விடும். 1892இல் தொடங்கி 28 மைலுக்குப் பாறையையும் களிமண்ணையும் வெட்டினார்கள். கீழே மிசிசிப்பிக் கரையில் இருக்கும் செயின்ட் லூயிஸ் நகரம், உங்கள் மலத்தை எங்கள் குடிநீரில் விடுவதா என்று நீதிமன்றத்துக்குக் கிளம்பியது. தடை வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று 1900 ஜனவரி 2 காலை, விழா எதுவும் இல்லாமல், கடைசி மண்திட்டை வெட்டி விட்டுவிட்டார்கள். ஆறு திரும்பிவிட்டது. வழக்கு 1906இல் உச்ச நீதிமன்றத்தில் சிகாகோவுக்குச் சாதகமாக முடிந்தது.

ஊருக்குள் சாவு குறைந்தது உண்மை. அதற்காகக் கீழே இருந்தவர்கள் மேல் அழுக்கைத் தள்ளியதும் உண்மை. முறையான சுத்திகரிப்பு நிலையங்கள் பிறகுதான் வந்தன. ஏரியிலிருந்து சிகாகோ எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம் என்பதற்கு உச்ச நீதிமன்றம் விதித்த வரம்பு இன்றும் இருக்கிறது: வினாடிக்கு 3,200 கன அடி. மற்ற ஏரிக்கரை மாநிலங்கள் அதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

வேறொரு விளைவை யாரும் எதிர்பார்க்கவில்லை. இயற்கை பிரித்து வைத்திருந்த இரண்டு நீர்களும் கலந்துவிட்டன. தெற்கே மீன்பண்ணைகளிலிருந்து தப்பிய ஆசியக் கெண்டை மீன்கள் மிசிசிப்பி வழியாக மேலே ஏறி வருகின்றன. ஏரிக்குள் நுழைந்தால் அங்குள்ள மீன்வளத்துக்கு ஆபத்து என்று ரோமியோவில் என்ற இடத்தில் கால்வாய்த் தண்ணீருக்குள் மின்சாரம் பாய்ச்சித் தடுக்கிறார்கள். சாக்கடையும் மழைநீரும் ஒரே குழாயில் போவதால் இன்னொரு தொல்லை. அதைத் தேக்கிவைக்க 1975 முதல் பாறைக்கடியில் 109 மைல் சுரங்கம் குடைந்திருக்கிறார்கள். அதுவும் நிரம்பும் அளவு பேய்மழை வந்தால் வேறு வழியில்லாமல் மதகைத் திறந்து ஆற்றைப் பழையபடி ஏரிக்குள் விடுகிறார்கள்.

அந்த மதகை நேரில் பார்ப்பது சுலபம். ஆற்றிலிருந்து ஏரிக்குப் போகும் சுற்றுலாப் படகில் ஏறுங்கள். முகத்துவாரத்தில் இரண்டு இரும்புக் கதவுகளுக்கு நடுவே படகு நிற்கும். பின்கதவு மூடும். முன்கதவு லேசாகத் திறக்கும். ஏரித் தண்ணீர் உள்ளே வர, சுவரில் பச்சைப் பாசி படிந்த கோடு ஒவ்வொரு அங்குலமாகத் தண்ணீருக்குள் மறையும். இரண்டு மூன்று அடி உயர்ந்திருப்பீர்கள். ஆறு ஏரியைவிடத் தாழ்வாக இருக்கிறது என்பது அப்போதுதான் உடம்புக்குப் புரியும். முப்பது வருடம் முன்பு மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்த ஆற்றில் இன்று துடுப்புப் படகுகள், கரையோரம் உணவகங்கள். 2025 செப்டம்பரில் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு நீச்சல் நிகழ்ச்சியே நடத்தினார்கள்.

மனிதர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிக் கதைதான். 1886 மே 4 இரவு, எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய தொழிலாளர்களின் கூட்டம் ஹேமார்க்கெட்டில் நடந்தது. யாரோ குண்டு வீசினார்கள். யார் வீசியது என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை, ஆனாலும் நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள். 1893இல் ஆளுநர் ஆல்ட்கெல்ட் விசாரணையே நியாயமானதல்ல என்று சொல்லி, சிறையில் மிஞ்சியிருந்த மூவரை விடுவித்தார். மே தினம் பிறந்தது அந்தப் போராட்டத்திலிருந்து. 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியபோது நினைத்துக்கொண்டது இந்தத் தெருவைத்தான். இப்போது அங்கே இருக்கும் நினைவுச் சின்னத்தின் அடிப்பீடத்தில் பல நாட்டுத் தொழிற்சங்கங்கள் தகடு பதித்திருக்கின்றன.

தெற்கு மாநிலங்களின் கொடுமையிலிருந்து தப்பிக் கறுப்பின மக்கள் ரயிலேறி இங்கே வந்தார்கள். 1910இல் இங்கே 44,000 பேர், 1970இல் பதினொரு லட்சம். மிசிசிப்பிக் கிராமத்திலிருந்து 1943இல் வந்த மடி வாட்டர்ஸ் என்ற பாடகர், இரைச்சலான மதுக்கடையில் பாட்டுக் கேட்க வேண்டும் என்று கிட்டாரில் மின்சாரத்தை இணைத்தார். பின்னால் வந்த ராக் இசைக்கு அது அடித்தளம். ஆனால் ஊர் அவர்களை அன்போடு வரவேற்கவில்லை. 1919 ஜூலையில் யூஜின் வில்லியம்ஸ் என்ற பதினேழு வயதுப் பையன் ஏரியில் கட்டையைப் பிடித்து மிதந்தபடி, வெள்ளையர் பகுதி என்று அவர்களாக வைத்துக்கொண்ட, கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லையைத் தாண்டிவிட்டான். கரையிலிருந்து கல்லெறிந்தார்கள். மூழ்கி இறந்தான். கல்லெறிந்தவனைப் போலீஸ் கைது செய்யவில்லை. தொடர்ந்து நடந்த கலவரத்தில் 38 பேர் செத்தார்கள்.

தண்ணீரில் இருந்த அந்தக் கோடு பிறகு வரைபடத்துக்கு வந்தது. கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளைச் சிவப்பில் தீட்டி, அங்கே வீட்டுக்கடன் கிடைக்காதபடி செய்தார்கள். வீடு வாங்க முடியாதவர்களை ஸ்டேட் தெருவில் வரிசையாக எழுப்பிய 28 பதினாறு மாடி அடுக்குகளில் அடைத்தார்கள். 2007க்குள் அதையும் இடித்தாகிவிட்டது. நீங்கள் கேள்விப்படும் துப்பாக்கிச் சூடு பெரும்பாலும் நடப்பது இப்படிக் கைவிடப்பட்ட தெற்கு, மேற்குப் பேட்டைகளில். சாவது அங்கே வாழ்பவர்கள். 1974இல் 970 கொலை, 1992இல் 943, கொரோனா காலத்தில் மறுபடி ஏறி 2021இல் 800ஐத் தொட்டு, அதன்பின் நன்றாகவே குறைந்திருக்கிறது. மகள் ராத்திரி எந்த நிலையத்தில் இறங்குவது என்பதைக் கூடப் படிப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளட்டும், பல்கலைக்கழகங்கள் இரவு வண்டி விடுகின்றன. பயந்து வீட்டிலேயே இருக்க வேண்டிய ஊர் இல்லை.

நம்மவர்கள் தடமும் இருக்கிறது. 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசிய மண்டபம் இன்றைய ஆர்ட் இன்ஸ்டிட்யூட் அருங்காட்சியகத்தில் இருந்தது. அவரை அனுப்பிவைக்கச் சென்னையில் வீடு வீடாகப் பணம் திரட்டியவர் அளசிங்கப் பெருமாள், ஊக்கம் கொடுத்தவர் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1937 முதல் 1995இல் இறக்கும் வரை பணியாற்றிய சுப்பிரமணியன் சந்திரசேகர் 1983இல் நோபல் பெற்றார். குறுந்தொகையை ஆங்கிலத்தில் கேட்க வைத்த ஏ.கே. ராமானுஜன் அதே பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர். லெமான்ட் என்ற புறநகரில் ராமர் கோயில் ஒரு மேட்டின்மேல் இருக்கிறது. அந்த மேட்டுக்குக் கீழே விரியும் பள்ளத்தாக்கில்தான் டெஸ் பிளெய்ன்ஸ் ஆறும், 1848 கால்வாயும், 1900 கால்வாயும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. பிரசாதம் வாங்கிக்கொண்டு வெளியே வரும் பலருக்கு இது தெரியாது என்பதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

அன்றாடத்துக்குச் சில விஷயம். ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் இடம் பூஜ்யம். அங்கிருந்து 800 எண்ணுக்கு ஒரு மைல். 6400 வடக்கு என்றால் எட்டு மைல், அதுதான் டெவான் அவென்யூ, கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் அங்கே கிடைக்கும். குளிர் உண்மைதான், ஜனவரி இரவில் மைனஸ் ஏழு எட்டு சாதாரணம், 1985இல் மைனஸ் 33 வரை போனது. ஒரு பெரிய கோட்டைவிட மூன்று மெல்லிய உடுப்பு நல்லது, நல்ல காலணியை இங்கே வந்து வாங்கினால் போதும். பனியை அள்ளி வண்டி நிறுத்த இடம் செய்தவர், வெளியே போகும்போது அந்த இடத்தில் பழைய நாற்காலி ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார். அதை நகர்த்தக் கூடாது. வெயிலையும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1995 ஜூலை வெப்ப அலையில் 739 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தனியாக வாழ்ந்த முதியவர்கள்.

கடைசியாக ஒன்று, வீடு பார்க்கும்போது மறக்காமல் கேட்க வேண்டியது. தெருக்குழாயிலிருந்து வீட்டுக்குள் வரும் இணைப்புக் குழாய் ஈயமா, தாமிரமா? 1986இல் நாடு முழுக்கத் தடை வரும் வரை சிறிய வீடுகளுக்கு ஈயக் குழாய்தான் போட வேண்டும் என்று சிகாகோவின் விதியே சொன்னது. அப்படிப்பட்ட இணைப்புகள் இன்னும் நான்கு லட்சம் அளவுக்கு இருக்கின்றன, அமெரிக்காவில் வேறெந்த ஊரிலும் இவ்வளவு கிடையாது. ஏரியிலிருந்து வரும் தண்ணீர் நல்ல தண்ணீர், கெடுவது அந்தக் கடைசிச் சில அடியில். பெரிய அடுக்குமாடிகளில் பெரும்பாலும் கவலையில்லை, இரண்டு மூன்று குடும்பம் இருக்கும் பழைய வீடு என்றால் கேளுங்கள். 311க்கு அழைத்தால் நகராட்சி இலவசமாகச் சோதனைக் குப்பி அனுப்பும். முடிவு வரும் வரை ஈயத்தை நீக்கும் வடிகட்டி ஒன்று வைத்துக்கொள்ளட்டும், காலையில் குழாயைத் திறந்ததும் ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடிக்கட்டும், சமையலுக்குச் சுடுதண்ணீர்க் குழாயைத் தொட வேண்டாம்.